கோமதிக்குப் பிடித்தவை

ஏற்காட்டில் காபி அறுவடை தொடங்கிவிட்டது. பழத்தோல் புளிக்கும் வாடை இன்று காலை ஜன்னல் வழியாக நம் சிறப்புப் பிள்ளைகள் பயிற்சி மையத்துக்குள் வந்தது. நீங்கள் இருந்திருந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சார், இந்த வாடைக்குப் பயந்தே நான் காபி குடிக்கறதில்லீங்க" என்று வருடந்தோறும் சொல்வதைச் சொல்லியிருப்பீர்கள். ஆடியில் நீங்கள் காலமானபின் உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் முறை. எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை. எழுதினால் ஒழுங்காக எழுத வேண்டும் என்பதால் முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. கோமதிக்கு இருந்த ஒரே ஆசை.
2. அந்த ஒன்றைப் பல ஆசைகளாக விரிக்க நாம் இருவரும் செய்தவை.
3. அந்த முயற்சி பாதியில் நின்றது. நாம் காட்டியதைத் தவிர வேறெதையும் அவள் தானாக விரும்பவில்லை.

வெள்ளக்கடை கிராமத்திலிருந்து கோமதி நம்மிடம் வந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. ஆட்டிசம், பேச்சு இல்லை. தூக்குவாளியின் எவர்சில்வர் மூடியைத் தரையில் சுழலவிட்டுக்கொண்டே இருப்பாள். மூடியைக் கொடுத்தால் பயிற்சி நடக்கும். அது அலுத்துவிட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது. மூடி கிடைக்காவிட்டால் தன் கையையே கடித்துக்கொள்வாள். அவள் அம்மா பழனியம்மா எஸ்டேட்டில் பழம் பறிப்பவர். மகளைக் கூட்டிக்கொண்டு பறிப்புக்கு வரக்கூடாது என்று எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் சொல்லிவிட்டார். அம்மா இல்லாமல் பகலெல்லாம் இருக்கக் கோமதி பழகாவிட்டால், அறுவடை நேரத்தில் அவளைச் சேலத்தில் ஒரு விடுதியில் விட்டுவிடப்போவதாகப் பழனியம்மா போன சித்திரையில் சொன்னார். சொல்லும்போது அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை. மூடி ஒன்றை மட்டும் வைத்து அவளால் ஒரு பகலைக் கழிக்க முடியாது, வேறு ஆசைகளும் வேண்டும்.

நாம் இருவரும் ஒரே பயிற்சி பெற்றவர்கள். ஆனாலும் நான் பொருள்களை இரண்டிரண்டாக அவள் முன் வைத்து, எதை எடுக்கிறாள் என்று அட்டவணை போட்டேன். நீங்கள் பொம்மைக்கடையையே தூக்கி வந்தீர்கள்: பம்பரம், காற்றாடி, சாவி கொடுத்தால் சுற்றும் கார். எதையும் அவள் தொடவில்லை. "கடைக்காரருக்கு மட்டும் நல்ல முன்னேற்றமுங்க சார்" என்றீர்கள்.

ஒருநாள், மூடி விழப்போகும் நேரத்தில் அவள் கண்களை மூடிக்கொள்வதைத் தற்செயலாகக் கவனித்தேன். அவளுக்கு வேண்டியது சுழற்சி அல்ல. விழுவதற்கு முன் மூடி தரையில் படபடவென்று அதிர்கிறதே, அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தாள்.

பிறகு காபிக்கொட்டையைத் தகரத்தட்டில் கொட்டிக் காட்டினோம். திரும்பிப் பார்த்தாள். நான் அவசரப்பட்டேன். ஒரு தம்ளர் கொட்டினால் மூடி தருவது என்று வைத்தேன். வேகமாகக் கொட்டிவிட்டுக் கையை நீட்டச் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். எனக்கு அது முன்னேற்றமாகத் தெரிந்தது. நீங்கள் சிரித்தீர்கள்.

"ஏனுங்க சார், பறிச்சுக் கொட்டி எடை போட்டுக் கூலி வாங்கற மாதிரி ஆயிருச்சுங்களே? கூலிக்குப் பறிக்கறவங்களுக்குக் காபிச்செடி மேல ஆசையா வரும்?"

"பிடிச்சதோட புதுசைச் சேர்த்து வைக்கணும்னுதானே படிச்சோம்?"

"சேர்த்து வைக்கத்தான் சொன்னாங்க. வழி மறிச்சு வைக்கச் சொல்லலீங்களே!"

மறுநாள் நீங்கள் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. மூடி அவள் கையிலேயே இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காபிக்கொட்டையையும் புளியங்கொட்டையையும் உங்களுக்காகவே கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேரம் வீணாகிறதே என்று எனக்குப் பட்டது, சொல்லத் தைரியமில்லை. சில நாள் கழித்து மூடி மூலையில் கிடந்தது. கோமதி உங்கள் தட்டில் காதை வைத்துப் படுத்திருந்தாள்.

"என்ற தட்டையும் புடுங்கிட்டயா கண்ணு? நொம்ப நல்லது" என்றீர்கள்.

அதோடு நின்றுவிட்டது. நீங்கள் நோயில் விழுந்தீர்கள். உங்களுக்குப் பின் நான் ஒருவனாகக் காலை வேளையில் மட்டுமே மையத்தை நடத்த முடிந்தது. நான் கொண்டுவந்து வைத்த சலங்கையையும் மணியையும் அவள் பொருட்படுத்தவில்லை. மூடி, கொட்டை, இரண்டே ஆசைகள். மதியத்துக்கு மேல் அவளை யார் பார்ப்பது? போன வாரம் முதல் அவள் வரவில்லை. சேலத்துக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். விசாரிக்கக் கூச்சமாக இருந்தது.

இதுவரை எழுதி முடித்தபோது பழனியம்மா வாசலில் வந்து நின்றார். இடுப்பில் பறிப்புப் பை.

"கோமதியைச் சேலத்துல விட்டாச்சா?" என்று தரையைப் பார்த்தபடி கேட்டேன்.

"எங்கீங்க சார்! பக்கத்து ஊட்டுத் தையக்கார அக்கா மெசினை மிதிச்சாப் போதும், இவ போயி ஒட்டி உக்காந்துக்கறா. யாரும் கூப்புடலீங்க. பெட்டி கட்டி வெச்சும் நகர மாட்டேனுட்டா. 'இருக்கட்டும் புள்ள, கத்திரிக்கோலை மட்டும் ஒளிச்சு வெச்சுக்கறேன், நீ வேலைக்குப் போ'ன்னு அக்காளே சொல்லிருச்சுங்க."

"மூடி?"

"தண்ணிக் குடத்து மேல கெடக்குதுங்க. தேடறதே இல்ல."

அவர் போனபின் மறுபடி பேனாவை எடுத்தேன். தையல் மெஷின் என் அட்டவணையிலும் இல்லை, உங்கள் பையிலும் இல்லை. அதன் சத்தத்தை அவளே கேட்டு, அவளே நடந்து போயிருக்கிறாள்.

இப்போது புதிதாக ஒரு பிள்ளை வந்தால் பொருளை அருகில் வைத்துவிட்டு நான் வேறு பக்கம் பார்த்து உட்கார்கிறேன். "இதைச் செய்தால் அதைத் தருவேன்" என்பது நாக்கு நுனிவரை வருகிறது, விழுங்கிக்கொள்கிறேன். நீங்கள் விட்டுச்சென்றதில் என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

கோமதி மாறியது நம்மால்தான் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் மேலே மூன்றாவதாக எழுதியது தவறு.