பயமாக இருந்தால் அமுக்கும் பந்து

நெல்லித்தோப்பு
3.2.2025

வினோ,

பக்கத்து ஊருக்குத் தபாலா என்று உன் அம்மா சிரிப்பார். சிரிக்கட்டும். என்னால் போனைத் தொட முடியவில்லை.

நாங்கள் வேலை பார்த்த கட்டடம் இடிந்தபோது, கூட வேலை செய்த முதஸ்ஸிர் என் பக்கத்தில் கிடந்தான். அவன் சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் மனைவி ரூமானாதான். அவன் எடுக்கவில்லை. என் கை எட்டவில்லை.

நீ உன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிப்போன அந்த மதியம், நான் தூங்கிக்கொண்டிருந்தபோது நம் வீட்டில் உன் போன் அடித்திருக்கிறது. நான் விழித்தபோது என் கைகள் உன் கழுத்தில். கதவோரம் பாப்பா.

வெள்ளிக்கிழமை மூளையை ஸ்கேன் எடுக்கிறார்கள். படத்தில் ஏதாவது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்.

சரத்

கருவடிக்குப்பம்
6.2.2025

மாமா,

வேண்டிக்கொண்டேன். இப்படி யாராவது வேண்டுவார்களா?

பாப்பா, "அப்பா இன்னும் தூங்குறாரா?" என்கிறாள். அம்மாவோ, "மூளையில எதுனா இருந்தா படத்துல வந்துடும்டி. இல்லன்னா அவன் நடிக்கிறான்" என்கிறாள். படம் வரட்டும், காட்டுகிறேன்.

ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

வினோதா

நெல்லித்தோப்பு
10.2.2025

வினோ,

குழாய் மாதிரி இயந்திரம். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். "பயமா இருந்தா அமுக்குங்கண்ணா, வந்துடுறோம்."

உள்ளே படபடவென்று சத்தம். இடிபாட்டை உடைத்து என்னை எடுத்தார்களே, அதே சத்தம். அமுக்கினேன். உடனே வந்துவிட்டார்கள். அன்றைக்கு என் கையில் பந்து இல்லை.

இரண்டாவது முறை முடித்தேன். படத்தில் ஒன்றும் இல்லை.

டாக்டர், "விபத்தோட பயம் மனசுல தங்கிடுற இந்த நோய் ஒருத்தர் படத்துல தெரியாதுப்பா. நூறு பேர் படத்த ஒப்பிட்டாதான் ஏதோ கொஞ்சம் தெரியும். அதுக்காக நோய் இல்லன்னு இல்ல. வைத்தியம் இருக்கு" என்றார்.

படத்தில் இல்லையென்றால் உன் கழுத்தைப் பிடித்தது யார் வினோ? நானேதானா?

வராதே.

சரத்

கருவடிக்குப்பம்
13.2.2025

மாமா,

அம்மாவிடம் படத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

என் கழுத்தில் தடம் மறைந்துவிட்டது. கண்ணாடியில் தேடினேன், ஒன்றுமே இல்லை. ஆனால் பாப்பா பின்னாலிருந்து வந்து கட்டிக்கொண்டால் கத்திவிடுகிறேன். இதற்கு நான் எந்தப் படத்தைக் காட்டுவேன்?

உங்களை நம்புகிறேன். உங்களைக் கண்டால் பயமாகவும் இருக்கிறது. அந்த மதியம் என் கையிலும் பந்து இல்லை, மாமா.

வைத்தியத்துக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன், போனை இங்கேயே வைத்துவிட்டு. கதவு திறந்தே இருக்கட்டும். வாசலில் நின்று கூப்பிடுவேன். குரல் கொடுங்கள், உள்ளே வருகிறேன்.

நீங்கள் கண் அசருவதற்குள் கிளம்பிவிடுவேன்.

வினோதா