தோலில் தைத்த முக்குளிப்பான்

இன்று காலை மழையில் என் பழைய தோல் செருப்பு ஊறிவிட்டது. அந்த ஈரத்தோல் வாடை மூக்கில் ஏறியதும் வாசலில் நின்று தனியாகச் சிரித்தேன். வீட்டில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். எல்லாம் உன்னால்தான்.

ஷிப்டு முடிந்ததும் கம்பெனி பஸ் நம்மைக் குளக்கரையில் இறக்கிவிடும். முக்குளிப்பான் பறவைகள் முங்கி எழுவதைப் பார்த்தபடி வேர்க்கடலையைத் தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். நாளெல்லாம் ஷூ தைத்தவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? தொண்ணூறுகளின் கடைசியில், குளத்தைத் தூர்த்து லாரி நிறுத்தப் போவதாகப் பேச்சு வந்தது. அது செத்த தண்ணீராம், ஓர் உயிரும் இல்லையாம். பார்த்து முடிவு சொல்ல ஓர் அதிகாரி வருவதாக இருந்தது.

அந்த வாரம் மண் லாரிகளின் சத்தத்துக்குப் பயந்து பறவைகள் கோரைக்குள் ஒளிந்துகொண்டன. நீ அசரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கழிவுத்தோலை வெட்டி, உள்ளே ஸ்பாஞ்சு அடைத்து, ஒரு முக்குளிப்பானையே தைத்துவிட்டாய்.

"தண்ணியில நிக்குமா?" என்று கேட்டேன்.

"இன்னா தோஸ்த், இத்தினி வருஷமா ஷூ தைக்கிறேன். என்கிட்ட போய் தண்ணியப் பத்திக் கேக்கறே."

ஜீப் வருவதைப் பார்த்ததும் அதைக் கோரை ஓரமாக மிதக்க விட்டாய். "அதோ பாருங்க சார்" என்று நீ கை நீட்டவும் அது ஒரு பக்கம் சாயவும் சரியாக இருந்தது. தையல் துளை வழியாகத் தண்ணீர் ஏறும் என்பதை மட்டும் மறந்திருக்கிறாய். கண்ணெதிரே மெல்ல மூழ்கிப் போனது.

"இன்னாய்யா, முங்கிடுச்சு?" என்றார் அதிகாரி.

"அது அப்படித்தான் சார். முங்கும், வரும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார். அப்போது கோரையை விலக்கிக்கொண்டு நிஜ முக்குளிப்பான் வெளியே வந்தது. முதுகில் இரண்டு குஞ்சுகள் வேறு.

"குஞ்சுகூட இருக்கே" என்று அவர் பேனாவை மூடிவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். குளம் பிழைத்தது. "நான் சொன்னேன் இல்ல" என்று நீ தெருவெல்லாம் மார்தட்டிக்கொண்டாய். தையல் துளையைப் பற்றி மூச்சு விடவில்லை.

உன்னை அடக்கம் செய்த அன்று சாயங்காலமும் அங்கேதான் போய் உட்கார்ந்து அழுதேன். இந்த வருஷம் நான்கு குஞ்சுகள். ஞாயிற்றுக்கிழமைகளில் கரையில் உட்கார இடம் கிடைப்பதில்லை. நாம் ஜெயித்தோம் என்று அத்தனை பேரிடமும் சொல்லத் தோன்றுகிறது. இப்போதும் ஒரு பறவை முங்கினால், அது மேலே வரும்வரை நான் எழுந்திருப்பதில்லை. வந்ததும், பக்கத்தில் யார் இருந்தாலும் கவலைப்படாமல், உரக்கவே சொல்லிவிடுகிறேன்: "நான் சொன்னேன் இல்ல."