றஹ்மத்தும்மாவின் கதவு

செவ்வாய், இரவு

கோபம் இன்னும் ஆறவில்லை. கல்முனை பஸ் நிலையத்தில் வருடக்கணக்காகப் படுத்துக் கிடந்தவர் றஹ்மத்தும்மா. வீடில்லாதவர்களுக்காக நாங்கள் நடத்தும் இல்லத்தில் ஓர் அறையும் சாவியும் கிடைத்த பிறகுதான் ஒழுங்காக மருந்து குடிக்கிறார், தானே சோறு ஆக்குகிறார். இன்று எங்கள் தலைவர் மாற்றுச் சாவியால் அந்தக் கதவைத் திறந்து, இல்லத்துக்கு நன்கொடை கொடுத்த ஆண்களை அறையைக் காட்ட உள்ளே கூட்டிப்போனார். உள்ளே வரலாமா என்று வாசலில் நின்று ஒரு ஸலாம்கூட இல்லை. றஹ்மத்தும்மா முக்காடில்லாமல் தலை சீவிக்கொண்டிருந்தார்.

ஏன் இப்படித் திறந்தீர்கள் என்று கேட்டேன். "நாங்க குடுத்த ஊடுதானே" என்றார் தலைவர். ஐந்து வேளையும் பள்ளிவாசலில் முன் வரிசையில் நிற்கிற மனிதர்.

றஹ்மத்தும்மா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ரோட்டில கிடக்கக்குள்ள கதவு இல்ல, மகள். இப்ப இரிக்குதானே?"

தலைவரின் மேசையிலிருந்த மாற்றுச் சாவியை எடுத்து வந்துவிட்டேன். நாளைக்குக் கேட்பார். ஸலாம் சொல்லியே கேட்கட்டும். கொடுக்க மாட்டேன்.