தனி உலை

கொடும்பாளூர்
24.1.2025

அன்புள்ள இலக்கியாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். பாப்பா பள்ளிக்கூடம் போய்வருகிறாள். அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ நாலு ஆறுதல் சொல்லி வைத்துவிடுவாய். இதை நீ முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

காணும் பொங்கலன்று அத்தை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு சித்தன்னவாசல் போயிருந்தார்கள். மத்தியானம் உன் அண்ணன் குடித்துவிட்டு வந்து, நான் இருந்த பின்பக்க அறையின் தாழ்ப்பாளை உடைத்து உள்ளே நுழைந்தார். வேண்டாம் என்றேன். கும்பிட்டேன், கடித்தேன். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. உனக்குப் புரியும்.

போன ஆடியில் இதே மாதிரி நடந்த பிறகுதான் நான் முன்கட்டை விட்டு, பின்னால் இருந்த பழைய உர குடோனில் பாப்பாவோடு குடியேறினேன் என்பது உனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்குப் போனதற்கு, "புருசன் பொண்டாட்டின்னா நாலும் இருக்கும், பொறுத்துப் போ" என்று அம்மா அடுத்த பஸ்ஸிலேயே அனுப்பிவிட்டாள். என் வேலையும் இங்கேதான், பாப்பா பள்ளிக்கூடமும் இங்கேதான். அதனால் அதே காம்பவுண்டுக்குள் தனியாக உலை வைத்தேன். நம் பக்கத்தில் உலை பிரிந்தால் குடும்பம் பிரிந்தது. உன் சித்தப்பாக்கள் பாகம் பிரிந்தபோதும் பத்திரத்துக்கு முன்னால் அடுப்புதானே பிரிந்தது.

மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். இன்ஸ்பெக்டரம்மா, "ஒரே கதவு நம்பர், ஒரே ரேசன் கார்டு, தாலி கழுத்துல கெடக்கு. புருசன் மேல இப்புடியெல்லாம் கேஸ் போட முடியாதும்மா, பேசித் தீத்துக்கங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

புதுக்கோட்டையில் ஷர்லி என்று ஒரு வக்கீல். அவள்தான் சட்டத்தைப் படித்துக் காட்டினாள். சேர்ந்து வாழும் மனைவியைப் புருஷன் சம்மதமில்லாமல் தொட்டால் அது பலாத்காரம் ஆகாதாம். பிரிந்து வாழும் மனைவி என்றால் குற்றமாம், சிறையாம். கோர்ட்டில் பிரிவு வாங்கியிருக்க வேண்டும் என்றுகூட இல்லையாம். ஆக, எனக்கு நடந்தது குற்றமா இல்லையா என்பது நான் எந்த அடுப்பில் சோறு பொங்கினேன் என்பதில் இருக்கிறது.

நான் தனியாக இருந்தேன் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அக்கம்பக்கத்தில் எல்லாரும் உன் அண்ணன் உரக்கடையில் கடனுக்கு வாங்குகிறவர்கள், வாயைத் திறக்க மாட்டார்கள். நீ தீபாவளிக்கு வந்திருந்தபோது மூன்று வேளையும் குடோனில் என்னோடுதான் சாப்பிட்டாய். "அண்ணி, நீங்க செஞ்சதுதான் சரி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். அதை ஸ்டேஷனில் சொன்னால் போதும்.

உன் அண்ணி
சிவரஞ்சனி


திருச்சி
2.2.2025

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தைக் கல்லூரியில் வைத்துப் படித்துவிட்டு வகுப்பெடுக்கவே போகவில்லை. அவ்வளவு அழுதேன். உங்கள் பக்கம்தான் நான். அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஷர்லி சொல்லும் அந்தச் சட்டப் பிரிவே பெண்ணுக்கு அவமானம். வீட்டை விட்டு வெளியேறினால்தான் உன் உடம்பு உனக்குச் சொந்தம், உள்ளே இருக்கிறவரை அவனுக்குச் சொந்தம் என்கிறது அது. அதை வைத்து வழக்குப் போட்டால் நாமே அதை ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகாதா? கணவன் என்ற விதிவிலக்கையே தூக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பெண்கள் மன்றத்தின் நிலைப்பாடு. மார்ச் எட்டாம் தேதி அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சிறையில் தள்ளினால் ஆண்கள் திருந்திவிடுவார்கள் என்பதிலும் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை.

இன்னொன்று. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அண்ணன். ஊரே "பொட்டப்புள்ளைக்கி எதுக்கு எம்.பில்?" என்றபோது, அவர்தான் எனக்காகச் சண்டை போட்டார். அவருக்கு எதிராக நான் நின்றால் அம்மா உயிரோடு இருக்க மாட்டார்கள். வழக்கில் என் பெயர் வேண்டாம் அண்ணி. நீங்களும் பாப்பாவும் இங்கே வந்துவிடுங்கள், கொஞ்ச நாள் இருங்கள். நல்ல கவுன்சிலர் ஒருவரை எனக்குத் தெரியும்.

என்றும் உங்கள்
இலக்கியா


கொடும்பாளூர்
9.2.2025

அன்புள்ள இலக்கியா,

நீ எழுதியதை ஷர்லிக்குப் படித்துக் காட்டினேன். "அவங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா அதை அவங்க அண்ணனுக்கு எழுதலையே, உங்களுக்குல்ல எழுதியிருக்காங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது.

அந்தச் சட்டம் ஓட்டைச் சட்டம்தான். எனக்குத் தெரியாதா? அடித்த இடம் கன்னிப்போய் மறுநாள் காலையில் சுகாதார நிலையத்தில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்ற எனக்கு அதை நீ பாடம் நடத்த வேண்டாம். நல்ல சட்டம் வருகிறவரை காத்திருக்கச் சொல்கிறாயா? அதுவரை உன் அண்ணன் காத்திருப்பாரா? இப்போதே முன்கட்டில் உட்கார்ந்துகொண்டு, "எத்தனை நாளைக்கி தாப்பா போடுவ, பாப்போம்" என்கிறார். நான் இரும்புத் தாழ்ப்பாள் வாங்கிப் போட்டிருக்கிறேன்.

உன்னைப் படிக்க வைத்தார், சரி. அந்தப் படிப்பை வைத்து நீ மேடையில் பேசுகிறாய். நான் கேட்பதும் பேச்சுதான். மூச்சுக்கு முந்நூறு தடவை "பெண்கள் வெளியே வந்து சொல்ல வேண்டும்" என்கிறாயே, நான் வெளியே வந்து நிற்கிறேன். நீ ஏன் கதவுக்குப் பின்னால் நிற்கிறாய்?

திருச்சிக்கு வந்து உன் வீட்டில் ஒளிந்துகொள்ள எனக்கு இஷ்டமில்லை. தப்புச் செய்தவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடை திறக்கிறார், நான் எதற்குப் பெட்டியைக் கட்ட வேண்டும்?

எஸ்.பி. ஆபீஸில் மனு கொடுத்துவிட்டோம். இன்ஸ்பெக்டரம்மா உன்னைக் கேட்பார். நடந்ததைச் சொல்.

அண்ணி
சிவரஞ்சனி


திருச்சி
20.2.2025

அண்ணி,

ஸ்டேஷனிலிருந்து கேட்டார்கள். "அண்ணன் வீட்டுக் குடும்ப ஏற்பாடுகளை நான் கவனித்ததில்லை, அவர்கள் பிரிந்து வாழ்ந்ததாக எனக்குத் தெரியாது" என்று எழுதிக் கொடுத்தேன். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. அண்ணனுக்காகவும் பரிந்து பேசவில்லை. யார் பக்கமும் சாயாமல் இருப்பதுதான் இப்போது என்னால் முடிந்தது. கோபம் ஆறியதும் என்னைப் புரிந்துகொள்வீர்கள். பாப்பாவுக்கு என் முத்தங்கள்.

இலக்கியா


புதுக்கோட்டை
18.3.2025

இலக்கியாவுக்கு,

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். ஷர்லி வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு போர்ஷன் கிடைத்தது. பாப்பா பரீட்சை முடிகிறவரை பஸ்ஸில் போய்வருகிறாள். நான் பெட்டியைக் கட்டியது ஓடிப்போக அல்ல, கேஸ் பதிவான பிறகுதான் கிளம்பினேன். அது எப்படிப் பதிவாயிற்று என்று உன் அண்ணன் உன்னிடம் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்கிறேன்.

உன் வரியை வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரம்மா புகாரை மூடப் பார்த்தார். "அவங்க தங்கச்சியே தெரியாதுங்குறாங்க, காலேஜ்ல பாடம் நடத்துறவங்க" என்றார். கடைசியாக மாமியாரையும் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று அத்தையை வரச்சொன்னார்கள். உன் அண்ணன்தான் பைக்கில் கூட்டி வந்தார். "ஒரே குடும்பந்தான்னு மட்டும் சொல்லும்மா" என்று வாசலிலேயே சொல்லிக்கொடுத்தது என் காதிலும் விழுந்தது.

அத்தைக்கு என்னைப் பார்த்ததும் வந்ததே கோபம். கேட்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்கள். "கேளுங்கம்மா இந்த அநியாயத்த. ஆடி மாசத்துலேருந்து எம் மகனுக்கு ஒரு வா சோறு போட்டதில்ல இவ. பின்னாடி குடோன்ல தனியா ஒலை வச்சுப் பொங்கித் திங்கிறா. பொங்கலுக்கு ஒரே வாசல்ல ரெண்டு பானை வச்சோம், ஊரே நின்னு வேடிக்கை பாத்துச்சு. கட்டுன புருசன் வரக்கூடாதுன்னு தாப்பா போடுறவளெல்லாம் ஒரு பொண்டாட்டியா? தாப்பாவ ஒடைச்சுல்ல எம் மகன் உள்ள போகவேண்டியதாப் போச்சு."

உன் அண்ணன் அத்தையின் கையைப் பிடித்து இழுத்தார். "இருடா, நான் சொல்லி முடிக்கிறேன்" என்று கையை உதறிவிட்டார்கள். இன்ஸ்பெக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்ப ஆடியிலேருந்து தனியாத்தான் இருந்தாங்க?" என்று கேட்டார். "பின்ன? அங்கிட்டு இவ, இங்கிட்டு நாங்க. யாருக்குத் தெரியாது?" என்றார்கள் அத்தை. எழுதிக்கொண்டார்கள். படித்துக் காட்டியபோது, "இன்னும் நல்லா எழுதுங்க" என்றார்கள் அத்தை.

உன் அம்மா என்னை வாழவே விட்டதில்லை. அன்றைக்கும் என்னை அசிங்கப்படுத்தத்தான் வந்தார்கள். ஆனால் நான் தனியாக இருந்ததை இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. நீ என் தட்டில் சாப்பிட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, தெரியாது என்று எழுதிக் கொடுத்தாய். இதை நினைத்தால் உன் அண்ணன் மேல் வருகிற கோபத்தைவிட உன் மேல்தான் அதிகம் வருகிறது.

யார் பக்கமும் சாயவில்லை என்று எழுதியிருந்தாய். நேற்று உன் அண்ணனின் முன்ஜாமீன் மனுவை ஷர்லி கொண்டுவந்து காட்டினாள். அதில் முதல் காரணமே நீதான். "பெண்ணுரிமைக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்துவரும் கல்லூரிப் பேராசிரியரான மனுதாரரின் தங்கையே, இத்தம்பதியர் பிரிந்து வாழவில்லை என்று உறுதிப்படுத்தியுள்ளார்" என்று போட்டிருக்கிறார்கள். மகளிர் தினத்தில் நீ மைக் முன்னால் நிற்கிற படத்தையும் கடைசியில் இணைத்திருக்கிறார்கள். நீ பேசிய பேச்செல்லாம் இப்படித்தான் உன் அண்ணனுக்கு உதவுகிறது. உன்னிடம் கேட்டுத்தான் செய்தார்களா, கேட்காமல் செய்தார்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

விசாரணை வருகிறபோது உன்னைத் தன் சாட்சியாகக் கூப்பிடப்போவதாக அவருடைய வக்கீல் சொல்லிவிட்டார். இனிமேல் எனக்குக் கடிதம் போடாதே, முத்தமும் அனுப்பாதே. சொல்ல இருப்பதைக் கூண்டில் ஏறிச் சொல். நான் எதிரே உட்கார்ந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சிவரஞ்சனி