செருப்புக்குக் காவல் இருந்த அத்தைக்கு

அன்புள்ள அத்தை,

இன்று மாதா கோயில் பூசைக்குப் போய், நீங்கள் இல்லாத வாசலில் செருப்பைக் கழற்றியதும் புதுத்தோல் வாசனை. எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் ரிஜெக்ட் ஆன ஜோடி. உடனே உங்கள் ஞாபகம். "உன் சாமிய நீ கும்புடு, செருப்ப நான் பாத்துக்கறேன்" என்று ஞாயிறு தவறாமல் இதே வாசலில் உட்கார்ந்திருப்பீர்கள். உள்ளே கூப்பிட்டால் வரமாட்டீர்கள்.

இந்தக் கோயிலில்தான், ஆயர் என்கிற பிஷப்பின் அனுமதியோடு, இந்துவான உங்கள் மகன் எனக்குத் தாலி கட்டினார். குடித்துவிட்டு அவர் என் கையை முறித்தபோது, பெற்ற மகனை விட்டு என்னோடும் பேத்தியோடும் தனி வீட்டுக்கு வந்தீர்கள். கோர்ட்டுக்கும் நீங்கள்தான் துணை. எந்த மாமியார் செய்வாள்?

விவாகரத்து ஆனவள் பூசையில் நன்மை அப்பம் வாங்கக்கூடாது என்று யாரோ சொன்னதை நம்பி, எல்லோரும் வரிசையில் போகும்போது நான் மட்டும் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பேன். அந்த அப்பத்துக்கு எவ்வளவு ஏங்கினேன் தெரியுமா? வாசலிலிருந்து பார்த்துவிட்டுக் காரணம் கேட்டீர்கள். சொன்னேன். உங்களுக்கு வந்ததே கோபம்! "அடிச்சவன் ஜாலியா சுத்தறான். அடி வாங்கினவளுக்குக் கெடையாதா?" என்று நேராக ஃபாதரிடம் கிளம்பினீர்கள். நான் உங்கள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். திரும்பிக் கேட்டீர்கள்:

"கேட்டா இன்னா, வாய் வலிக்குமா?"

ஃபாதர் பதறிவிட்டார். "யாரும்மா அப்படிச் சொன்னது? ஆபத்துன்னா பிரிஞ்சு வாழலாம். பாதுகாப்புக்காகக் கோர்ட்ல விவாகரத்து வாங்கினது பாவம் இல்ல. மத்த பாவங்களச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுத் தாராளமா நன்மை வாங்கு."

நீங்கள் விடவில்லை. "அப்போ இவளுக்கு வேற கல்யாணம் பண்ணலாமா சாமி?"

"அது வேற விஷயம். திருச்சபையைப் பொறுத்தவரைக்கும் இந்தக் கல்யாணக் கட்டு இன்னும் இருக்கு. அவர் ஞானஸ்நானம் வாங்காதவர், அதனால அதை அவிழ்க்கச் சொல்லி மனு போட வழி இருக்கு. ஆயர் இல்லத்துல விசாரிப்பாங்க."

"அது கெடக்கட்டும். மொதல்ல இவ நன்மை வாங்கட்டும்" என்றீர்கள். அந்த மனுவை நான் இதுவரை போடவில்லை. இன்னொரு கல்யாண ஆசை எனக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு நன்மை வாங்கித் திரும்பியபோது வாசலில் எக்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தீர்கள்.

இன்று என் பக்கத்தில் ஒரு பெண், கைக்குழந்தையோடு, வரிசைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். முஸ்லிம் பையனை இதே கோயிலில் கட்டி, அடி தாங்காமல் பிரிந்து வந்தவள். "நான் வாங்கக் கூடாதுக்கா" என்றாள். பூசை முடிந்ததும் கையைப் பிடித்து ஃபாதர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வாசலில் தயங்கி நின்றாள்.

"கேட்டா இன்னா, வாய் வலிக்குமா?" என்றேன், உங்கள் குரலில்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அதற்குக் காவலாக நான் படியில் உட்கார்ந்தேன், அத்தை.