அறுப்புக்கு ஜாமீன்

திருத்துறைப்பூண்டி
தை மாதம், 1968

அன்புள்ள சாவித்திரிக்கு,

அம்மா எழுதுவது. நான் உயிரோடு, கை கால் சுகத்தோடு இருக்கிறேன். பம்பாய் ஆஸ்பத்திரியில் கண் விழித்து வேலை பார்க்கும் உனக்கும் மாரியம்மன் குறை வைக்காமல் இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை காலையில் நம் கடை வாசலில் இரண்டு கூட்டம் அரிவாளோடு எதிரெதிரே நின்றது. யார்மேலும் வெட்டு விழவில்லை. ஆனால் அதை முடித்துவைக்கப் போய் நான் நம் கடையையே ஜாமீனாகச் சொல்லிவிட்டேன். வேறு யாராவது சொல்லி நீ பதறுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

சம்பா முற்றித் தலை சாய்ந்து கிடக்கிறது. அறுப்புக் கூலியைக் கலத்துக்கு அரைப் படி கூட்டினால்தான் வயலில் இறங்குவோம் என்று நம் ஊர் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மிராசுதார் சாரங்கபாணி ஒரு நெல்மணிகூடக் கூட்ட மாட்டேன் என்றார். ஏழைக்கு நல்ல காலம் வந்துவிட்டது என்று போன வருஷம் எலெக்ஷனில் கொடி கட்டியவர்களும் இந்தப் பேச்சு வந்தால் நழுவிவிடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை மிராசுதார் இராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஒரு லாரி நிறைய ஆள் கொண்டுவந்தார். ஐயாவுதான் நம் ஊர் ஆட்களுக்குத் தலைவர், நீ நர்ஸ் படிப்புக்குப் போனபோது டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்து ரயிலடிவரை வந்தாரே அவரேதான். அவர் லாரியை நம் கடைக்கு நேரே மறித்துவிட்டார். லாரி ஆட்களும் அரிவாளோடு குதித்தார்கள். மிராசுதாரின் காரியஸ்தர் ரெங்கசாமி லாரிமேல் நின்றுகொண்டு, “இவனுவளுக்கு வவுறு நெறைஞ்சு போச்சு, அதான் கொழுப்பு” என்றார். “கீழ எறங்கிச் சொல்லுங்க சாமி, காது சரியாக் கேக்கல” என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். வெட்டுவதற்கு முன்னால் சிரிக்கிற சிரிப்பு அது.

நான் பலகையைப் போட்டுக் கடையை மூடத்தான் போனேன். மறைப்பானேன், என் புத்தி முதலில் சரக்கைத்தான் நினைத்தது. லாரி ஓரத்தில், அதில் வந்தவள்தான், கைப்பிள்ளையோடு ஒரு பெண் என் அரிசிக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தின நாள் முழுக்க வெறும் தண்ணீராம். என்ன நினைத்தேனோ, படியை அரிசியில் அமுக்கி அவள் முந்தானையில் கொட்டினேன். கொட்டும்போது பழக்க தோஷம், களத்தில் சொல்வதுபோல் வாய் உரக்க “லாபம்” என்று சொல்லிவிட்டது. முதல் அளவை நாம் ஒன்று என்று எண்ண மாட்டோமே. அளவு நடக்கும்போது பேச்சுக் கூடாது என்பதும் களத்தில் பிழைத்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். நம் ஆள், லாரி ஆள் எல்லோரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். ரெங்கசாமி திறந்த வாய் திறந்தபடி நின்றார். எனக்கோ நிறுத்தப் பயம். ரெண்டு, மூணு என்று அளந்துகொண்டே போனேன், லாரி ஆட்களின் துண்டுகள் நீண்டுகொண்டே வந்தன.

அந்த அமைதியில் பிள்ளை அழுவது கேட்டது. ஐயாவு சம்சாரம் அம்சம், இத்தனை வருஷமாகக் கடைக்கு வெளியே நின்றே சாமான் வாங்கியவள், விறுவிறுவென்று உள்ளே வந்து, “ஆச்சி, கொஞ்சம் வெந்நி குடுங்க, புள்ளைக்கு நாக்கு ஒட்டிப்போச்சு” என்றாள். கொடுத்தேன். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு புருஷனிடம், “என்னா மாமா பாத்துக்கிட்டு நிக்கிற, அடுப்புக்குக் கல்லு கொண்டா” என்றாள். எறிவதற்கு வைத்திருந்த கல்லை ஒருத்தன் கொண்டுவந்து போட, இது எலி வீட்டு அடுப்புக்குத்தான் ஆகும் என்று அவனைத் திட்டினாள். இந்தத் தடவை சிரித்த சிரிப்பு வேறு.

அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் அம்மாடி. கூட்டத்துக்கு என்று தனியாக ஒரு மனசு இருக்கிறது. விலை இறங்கப் போகிறது என்று ஒரு வியாபாரி முகத்தைச் சுளித்தால் சந்தையே சுளிக்கும், அதுபோலத்தான். ஒருத்தி இரங்கினால் பத்துப் பேர் இரங்குகிறார்கள். என் பயமும் அங்கேதான் இருக்கிறது. இப்படித் திரும்பிய மனசை நாளைக்கு ஒருத்தன் ஒரு தீக்குச்சியால் அந்தப் பக்கம் திருப்பிவிடலாம். தெருவில் சைக்கிள் மணி கேட்டாலும் எனக்குக் கை நின்றுவிடுகிறது. மண்ணெண்ணெய் டின்னைக் கடையிலிருந்து எடுத்துக் கிணற்றடியில் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் இரண்டு தரப்பும் நம் கடையில் உட்கார்ந்தார்கள். “இவன் பேச்ச எவன் நம்புறது” என்று மிராசுதார். “அவுங்க சொன்னத என்னைக்குச் செஞ்சாங்க” என்று ஐயாவு. பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். காலையில் அரிசி அளந்தவள் சாயங்காலம் எங்கே ஓடுவது? சரி, நான் ஜாமீன் என்றேன்.

பதறிக்கொண்டு ரயில் ஏறி வராதே. அறுப்பு முடியட்டும். அங்கே வார்டில் நீ முதலில் ஒரு நல்ல வார்த்தை சொல்லு, வேறு யாராவது ஆரம்பிக்கட்டும் என்று நிற்காதே. ஆனால் அக்கம்பக்கம் பார்த்துச் சொல்லு. வேளைக்குச் சாப்பிடு. பதிலைக் கார்டில் எழுதாதே, இங்கே தபால்காரர் படித்த பிறகுதான் எனக்கு வருகிறது. எந்தக் கூட்டத்துக்கு நடுவில் நீ நின்றாலும் நல்ல கை ஒன்று உனக்கு முன்னால் நீளட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

பேசி முடித்ததை நீயும் தெரிந்துகொள். கலத்துக்கு அரைப் படி கூடுதல். லாரி ஆட்களுக்கு ஒரு நாள் கூலி கொடுத்து ஊருக்கு அனுப்புவது. கடைசிக் கட்டு களம் சேரும்வரை யாரும் யார் வாசலுக்கும் அரிவாளோடு போகக் கூடாது. எந்தப் பக்கம் வார்த்தை தவறினாலும் மற்றப் பக்கத்துக்கு நம் கடையும் சரக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
மங்களாம்பிகை