ஆறு மேல்நோக்கி ஓடிய மத்தியானம்

மக்கா,

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. பலத்த மழை இருக்கும், மத்தியானம் கடல் ஏற்றம் அதிகம், கரையோரம் யாரும் போகாதீர்கள் என்று. இப்போதெல்லாம் மும்பை முழுவதற்கும் இப்படி அனுப்புகிறார்கள். உன் காலத்தில் இது கிடையாது. உனக்கும் எனக்கும் தேவைப்பட்டதும் இல்லை. கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி வருவது பர்த்தி, வடிந்து போவது ஓட்டி. மராட்டிக்காரர்களிடம் இந்த இரண்டு வார்த்தையையும் கற்றுக்கொண்ட நாளிலிருந்து, எது எப்போது என்று நம்மைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்போம். பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே அழுதுவிட்டேன். அறுபது வயது ஆகிவிட்டது, வெட்கமில்லாமல் அழுகிறேன்.

நம் பிழைப்பே அந்த இரண்டு வார்த்தையில்தானே நடந்தது. கம்பெனிகளிலிருந்து வரும் காலி டிரம்களை தாராவிப் பக்கம் மித்தி ஆற்றங்கரையில் வைத்துக் கழுவினோம். ஓட்டி நேரத்தில் கழுவினால் அழுக்கு கடலுக்குப் போய்விடும். பர்த்தி நேரத்தில் கழுவினால் போன அழுக்கு திரும்பி வந்து நம் காலிலேயே ஒட்டும். இதைக் கண்டுபிடிக்க நீ கடிகாரம் பார்க்கமாட்டாய். ஒரு தெர்மாகோல் துண்டை எடுத்து வீசுவாய். அது மாஹிம் பக்கம் நகர்ந்தால் வேலை. குர்லா பக்கம் நகர்ந்தால் சாயா. குர்லா ஆற்றின் மேல்பக்கம், மாஹிம் கடல் பக்கம். தண்ணீர் கீழிருந்து மேலே போவதை முதலில் பார்த்தபோது, "என்னல இது, கிறுக்குப் பிடிச்ச ஆறால்லா இருக்கு" என்று நீ சிரித்தாய்.

இந்தக் கறுப்புத் தண்ணீர் எங்கிருந்துதான் வருகிறது என்று பார்த்தே தீருவேன் என ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாய். எனக்கு விருப்பமே இல்லை, ஞாயிறு தூங்கத்தான் என்று முனகிக்கொண்டே வந்தேன். குர்லா தாண்டி, ஏர்போர்ட் சுவரை ஒட்டி, சாக்கிநாக்காவில் வடாபாவ் தின்று, பவாய் ஏரிக்கு நடந்தே போனோம். மேலே காட்டுக்குள் விகார் ஏரி இருக்கிறது, அங்கே விடமாட்டார்கள் என்றார்கள். மழைக்காலத்தில் இரண்டு ஏரியும் நிரம்பி வழிகிற தண்ணீர் சேர்ந்துதான் நம் ஆறு. பவாய் அணையின் கல்லில் தண்ணீர் மெலிசாக வழிந்துகொண்டிருந்தது. நீ இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாய். வாட்ச்மேன் விசிலடித்து விரட்டினான்.

"மக்கா, தண்ணி நல்லாத்தாம்ல இருக்கு. நம்மகிட்ட வந்து சேரதுக்குள்ள என்ன பாடு படுத்திருக்கானுவ பாரு" என்றாய். பஸ்ஸில் திரும்பி வரும்போது எதையோ யோசித்துவிட்டுச் சொன்னாய்: "மேல இருந்து ஏரி தள்ளுது. கீழ இருந்து கடல் தள்ளுது. ரெண்டும் ஒரே நாள்ல தள்ளுச்சுன்னா நடுவுல இருக்கவன் கதி என்னல?" நான் கொட்டாவி விட்டேன்.

அந்த நாளும் வந்தது. விடிந்ததிலிருந்து கண்மண் தெரியாத மழை. காலி டிரம்கள் மிதந்து போய்விடக்கூடாது என்று நீ கீழே இறங்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாய். நான் மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் உன் சத்தம் கேட்டுத் திரும்பினேன். நீ நின்ற இடத்தில் கரை இல்லை. நீயும் இல்லை.

அப்புறம் நான் செய்ததை எத்தனை முறை நினைத்தாலும் என்னால் பொறுக்க முடியவில்லை. பத்துப் பேர் ஓடி வந்தார்கள். எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். "ஆறு கடலுக்குத்தான் இழுத்துட்டுப் போவும், மாஹிம் பக்கம் ஓடுங்கல" என்று கத்தினேன். டிரம்முக்குப் பெயின்ட் அடிக்கிற ஒருத்தன் மட்டும் நின்று, "அண்ணாச்சி, இது பர்த்தி நேரம்லா?" என்று கேட்டான். "வாய மூடிட்டு ஓடுல" என்றேன். ஓடினோம். மாஹிம் வரைக்கும் கரையை அலசினோம். பாலத்துக்கு அடியில், அலையாத்திப் புதருக்குள், கடைசியில் கடற்கரையில். இருட்டும் வரைக்கும் உன்னைக் கூப்பிட்டேன். தொண்டையில் ரத்தம் வந்தது. உன் உடம்புகூடக் கிடைக்கவில்லை.

இருபது வருஷம் தினமும் அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துத்தான் சோறு தின்றவன் நான். ஒரு நொடி குனிந்து பார்த்திருந்தால் போதும். எத்தனையோ குப்பை மிதந்து போயிருக்கும், அதுவே வழி சொல்லியிருக்கும். பயத்தில், ஆறு கடலுக்குப் போகும் என்ற பள்ளிக்கூடத்துப் பாடம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மூன்று மாதம் கழித்து டிரம் வாங்கக் குர்லா போனேன். பழைய சாமான் வியாபாரி ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "உஸ் தின் ஏக் ஆத்மி ஷாம் தக் பைப் பக்கட்கே தா, பாய்." ஆற்றுக்குக் குறுக்கே போகும் பெரிய தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் சாயங்காலம் வரைக்கும் இருந்தானாம். மஞ்சள் ரப்பர் ஏப்ரன் போட்டிருந்தானாம். மதராஸி பாஷையில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தானாம். கரையில் நின்றவர்கள் புடவைகளை முடிந்து வீசிப் பார்த்திருக்கிறார்கள், எட்டவில்லை. அப்புறம் ஏரிகள் நிரம்பி மேலிருந்து வெள்ளம் வந்தது. குழாயே தெரியவில்லை என்றார். உன் மஞ்சள் ஏப்ரனை நான்தான் உனக்கு வாங்கிக் கொடுத்தேன். டிரம்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் வீட்டில் சொல்லவில்லை. உன் பெண்டாட்டி ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் மாஹிம் கடலில் பூவும் பாலும் விடுவாள். நீ நேராகக் கடலுக்குத்தான் போனாய், ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்திருக்கும், கஷ்டப்பட்டிருக்க மாட்டாய் என்பதுதான் அவளுடைய ஒரே ஆறுதல். வருஷம் தவறாமல் நானும் கூடப் போனேன். அவள் கும்பிடும்போது நானும் கும்பிட்டேன். உலகத்தில் என்னைப் போல ஒரு கோழை இருக்க முடியாது.

போன வாரம் உன் மகள் அம்மாவை வாஷிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஆபீஸ் வேலை, இரண்டு ரூம் வீடு. நல்ல பெண், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் உன் மூக்கு. அவள் கீழே டெம்போக்காரனோடு இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், சாமான் கட்டிக்கொண்டிருந்த உன் பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பர்த்தி, பெயின்ட்காரன் கேட்டது, நான் அதட்டியது, குழாய், மஞ்சள் ஏப்ரன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

அவள் கட்டிய மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"சாயங்காலம் வரைக்குமா அண்ணாச்சி?"

"ஆமாம்மா."

"அவியளுக்கு வலது தோள்ல வலி உண்டுமே. சட்டை மாட்டக்கூட நான்தான் கை கொடுப்பேன்."

அவள் பக்கத்து மூட்டையின் முடிச்சை இழுத்து இறுக்கினாள்.

"நீங்க வந்துருவியன்னு நெனச்சிருப்பாவ" என்றாள். "அதான் அம்புட்டு நேரம் விடாம பிடிச்சிருக்காவ. இல்லன்னா அந்தத் தோளை வச்சிக்கிட்டு முடியுமா?"

அவள் குத்திக் காட்டவில்லை மக்கா. குரலில் கோபமே இல்லை. தனக்குத்தானே கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டவள் மாதிரி சொன்னாள். கீழே டெம்போ ஹாரன் அடித்தது. அவள் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மூட்டையைத் தூக்கப் போனாள். நான் வாங்கிக்கொண்டேன்.

யாரையோ கூப்பிட்டான் என்று அந்தக் குர்லாக்காரர் சொன்னபோதே எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் தெரியாதவன் போல நடித்தேன். நீ என்னைத்தான் கூப்பிட்டாய். அதே நேரத்தில் நான் மாஹிமில், இடுப்பளவு தண்ணீரில், உனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கடலைப் பார்த்து உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.